காணோம்!

'காணோம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போலச் சௌகரியமான சொல் நம் பாஷையில் வேறொன்று இல்லை. 'திருடினான்' என்றால் திருடினவன் ஒருவன் வேண்டும். 'தொலைத்தேன்' என்றால் தொலைத்த நான் வேண்டும். 'காணோம்' என்பதற்கு யாருமே வேண்டாம். பொருள் தானாக எழுந்து, வாசற் கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவோடு போய்விட்டது என்று அர்த்தம்.

இது குழந்தைகள் சொல்லுகிற சொல். பலப்பத்தைக் காணோம், பேனா மூடியைக் காணோம். அவர்கள் சொன்னால் காதைப் பிடித்துத் திருகுகிறோம். ஆனால் ஒரு பெரிய ஸ்தாபனம் அதே சொல்லைக் கெட்டியான காகிதத்தில் டைப் அடித்து, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்தையும் போட்டு அனுப்பினால், 'பாவம், தேடித்தான் பார்த்திருக்கிறார்கள்' என்று சும்மா இருந்துவிடுகிறோம். காது திருகப்பட வேண்டியவர்கள் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பல்பீர் சிங் என்று ஒரு மனிதர் இருந்தார். அந்தப் பெயரில் ஹாக்கி ஆடியவர்கள் பலர் உண்டு. ஆகையால் இவரைப் பல்பீர் சிங் சீனியர் என்பார்கள். 1948 ஆகஸ்டு 12-ந் தேதி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம். நாம் சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் மூன்று நாள் பாக்கி. எதிரே நிற்பது பிரிட்டன். நாலுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். அந்த நாலில் இரண்டு இவர் போட்ட கோல். நேற்றுவரை நம்மை ஆண்டவன் வீட்டு முற்றத்தில், அவன் ஜனங்கள் பார்த்திருக்க, நம் கொடி ஏறியது. அடுத்தது 1952, ஹெல்ஸிங்கி. நெதர்லாந்துக்கு எதிராக நாம் போட்ட ஆறு கோல்களில் ஐந்து இவருடையவை. ஆண்கள் ஹாக்கியில் ஓர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஒரே ஆள் அதற்கு மேல் அடித்ததில்லை, இன்றுவரை. 1956-ல் மெல்போர்னில் இவரே காப்டன். விரல் முறிந்துபோயிருந்தது. முறிந்த விரலோடு இறுதியாட்டத்தில் இறங்கினார். பாகிஸ்தானை ஒன்றுக்குச் சைபர் என்று வென்று மூன்றாவது தங்கத்தோடு திரும்பினார்.

இவர் 1985-ல் ஒரு காரியம் செய்தார். டில்லியில் விளையாட்டுக் காட்சிசாலை ஒன்று வரப்போகிறது என்பதற்காக, தாம் வாழ்நாள் முழுதும் சேர்த்துவைத்ததை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். 36 பதக்கங்கள். நூறு படங்களுக்கு மேல். மெல்போர்னில் காப்டனாக அணிந்த அந்தக் கோட்டு. விற்கவில்லை, அடகு வைக்கவில்லை, பதிலுக்கு ஒரு வீட்டு மனை கேட்கவில்லை. நாலு பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்று கொடுத்தார்.

கொடுத்த பிறகு இருபத்தேழு வருஷம் ஓடிற்று. 2012-ல் லண்டன் ஒலிம்பிக். ஒலிம்பிக் சரித்திரத்தைக் காட்டும் கண்காட்சி ஒன்றுக்காக உலகம் முழுவதிலுமிருந்து பதினாறு வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் பல்பீர் சிங். காட்சிக்கு வைக்க அவருடைய பொருள்களைக் கேட்டார்கள். அப்போதுதான் ஆணையத்தில் தேடத் தொடங்கினார்கள். தேடிவிட்டுச் சொன்னார்கள்: காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததை விஸ்தாரமாக எழுத எனக்கு மனம் வரவில்லை; நம்மில் யாருக்கும் அது புதிதல்ல. கடிதம் எழுதினார்கள். நினைவூட்டுக் கடிதம் எழுதினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்டுப் பார்த்தார்கள். பெற்றுக்கொண்டதற்கான பதிவே இல்லை என்கிற தோரணையில் பதில் வந்தது. 2020 மே மாதம் 25-ந் தேதி பல்பீர் சிங் காலமானார். கோட்டு வரவில்லை. மறுவருஷம் மொஹாலி ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அதைப் பூட்டி வைக்க வேண்டாம், வருஷா வருஷம் எண்ணிப் பார்க்க வேண்டாம்.

'அவற்றை யாராவது திருடினார்கள் என்று சொல்லுகிறீரா?' என்று கேட்பீர்கள். என் குற்றச்சாட்டு அதைவிடப் பெரிது. திருட்டா, அலட்சியமா, பெருக்குகிறவன் குப்பையோடு வாரிக்கொண்டு போனானா என்று யாரும் கண்டுபிடிக்கவே இயலாதபடி அந்தப் பொருள்களை வைத்திருந்தார்கள். பொருள் எந்த அறையில் இருந்தது, யார் சாவி வைத்திருந்தார், எந்த வருஷம்வரை யார் கண்ணால் பார்த்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. திருடன் வந்திருந்தால் அவனுக்கு இதைவிட நல்ல உபகாரம் வேறென்ன? வராமலிருந்தால், திருடனே வேண்டாம் என்று அவன் தொழிலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

என் பெரியம்மாவிடம் கல்யாணப் பாத்திரங்கள் இருந்தன. அண்டா, கொப்பரை, தவலை, சருவம், ஆள் உயரக் கரண்டிகள். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அங்கிருந்துதான் போகும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெரியப்பாவின் இனிஷியல் வெட்டியிருக்கும். பெரியம்மா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் ஒரு கோடு போட்ட நோட்டும், அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்ஸிலும் வைத்திருந்தாள். 'கரண்டி 6. ஒன்றுக்குக் காம்பு ஆடும்' என்று எழுதி, வாங்கிக்கொண்டு போகிறவனிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். திரும்பி வரும்போது திண்ணையில் பரப்பி எண்ணுவாள். ஒரு தடவை ஒருவன், 'ஒரு கரண்டியைக் காணோம், பெரியம்மா' என்றான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காணோம்னா என்னடா அர்த்தம்? கடைசியா யார் கையிலே இருந்தது, அதைச் சொல்லு" என்றாள். அன்று சாயங்காலம் கரண்டி வந்துவிட்டது.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கின மனிதரின் ஆயுள் சம்பாத்தியத்துக்கு என் பெரியம்மாவின் கரண்டிக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை.

இந்தியாவில் மட்டும்தானா இந்த லட்சணம் என்று யாராவது ஆறுதல் தேடினால், தேடலாம், கிடைக்கும். கால்பந்து உலகத்தின் ஜூல்ஸ் ரிமே கோப்பையின் கதையைச் சொல்லுகிறேன். சிறகு விரித்த வெற்றி தேவதையின் உருவம். பொன் மெருகிட்ட வெள்ளி. உயரம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது அது இத்தாலியில் இருந்தது. அந்த நாட்டுக் கால்பந்து அதிகாரி ஒட்டோரினோ பராஸி என்பவர் அதை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுத் தம் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார். யுத்தம் முடிகிறவரை, அத்தனை குண்டுக்கும் பட்டாளத்துக்கும் நடுவே, அந்தக் கோப்பை அங்கே பத்திரமாக இருந்தது.

பிறகு சமாதான காலம் வந்தது. 1966 மார்ச் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், ஒரு தபால் தலைக் கண்காட்சியில் கோப்பையை வைத்திருந்தார்கள். காவலர்கள் இருந்தார்கள். அதே கட்டடத்தின் இன்னொரு பகுதியில் பிரார்த்தனை வேறு நடந்துகொண்டிருந்தது. கோப்பையைக் காணோம்! பல லட்சம் பவுன் பெறுமானமுள்ள தபால் தலைகளைத் தொட்டவன்கூட இல்லை. ஸ்காட்லாந்து யார்டு ஊரைப் புரட்டிற்று. ஒரு வாரம் கழித்து, தென் லண்டனில் தெருவோரம் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிக் கிடந்ததை மோந்து கண்டுபிடித்தது ஒரு நாய். அதன் பெயர் பிக்கிள்ஸ், அதாவது ஊறுகாய். உலகப் புகழ்பெற்ற துப்பறியும் இலாகாவின் மானத்தை ஊறுகாய் காப்பாற்றிற்று.

இவ்வளவு பட்ட பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? 1970-ல் பிரேஸில் மூன்றாவது தடவையாக உலகக் கோப்பையை ஜெயித்தது. மூன்று தடவை ஜெயித்தவருக்கே கோப்பை சொந்தம் என்பது விதி. ரியோ டி ஜெனிரோவில், பிரேஸில் கால்பந்து சம்மேளனத்தின் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி! பார்க்கிறவர்களுக்குப் பரம திருப்தி. பின்பக்கம்? மரச்சட்டம். 1983 டிசம்பர் 19-ந் தேதி ராத்திரி வந்தவர்கள் கண்ணாடியைத் தொடவேயில்லை. பின்னால் போய் மரத்தை நெம்பினார்கள். கோப்பை அன்று போனதுதான். உருக்கிவிட்டார்கள் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். பிற்பாடு ஒரு நகல் செய்து வைத்தார்கள்.

முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் மரம். இந்தப் பெட்டியைச் செய்தவனை நான் குறை சொல்லவில்லை. அவன் கேட்டதைச் செய்து கொடுத்திருப்பான். திறப்பு விழாவுக்கு வருகிற பிரமுகர் பின்பக்கம் போய்ப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே செலவு செய்வதில்லை. நம் ஊரிலும் காட்சிசாலை என்றால் முதலில் வாங்குவது ரிப்பனும் கத்தரிக்கோலும்தானே? பராஸிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பராஸிக்குக் கண்ணாடிப் பெட்டி இல்லை. ஆனால் கோப்பை போனால் என் தலை போகும் என்ற எண்ணம் இருந்தது. ராத்திரி அதன் மேலேயே படுத்துத் தூங்கினார். சம்மேளனம் எதன் மேலும் படுத்துத் தூங்குவதில்லை.

இனி, புத்தகசாலைத் திருட்டு. இதில் கடப்பாரை வேண்டாம், ராத்திரி வேண்டாம். பகலில், மின்சார விளக்கின் கீழே, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யலாம்.

அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் என்பது நமக்குக் கிரிக்கெட் மாதிரி. பைத்தியம் அதைவிட ஒரு படி கூட. அந்த ஆட்டத்தின் ஆதி காலத்து ஆவணங்களை ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்பவர் சேர்த்து வைத்திருந்தார். முன்னாள் ஆட்டக்காரர், பிறகு விளையாட்டுச் சாமான்கள் செய்து பணக்காரரானவர். அவர் இறந்தபின் அவருடைய மனைவி 1921-ல் அந்தச் சேகரம் முழுவதையும் நியூயார்க் பொதுநூலகத்துக்குக் கொடுத்தார். அதில் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரரின் ஒட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஆட்டத்தின் கணக்கைக் கட்டம் போட்டு எழுதும் முறையை உருவாக்கியவர் அவர். ஹாரி ரைட்டுக்கு வந்த கடிதங்கள் இருந்தன. 1869-ல், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் பேஸ்பால் கோஷ்டியை நடத்தியவர் இந்த ரைட். அவருடைய தகப்பனார் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் என்பதை நம்மவர் சந்தோஷத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இந்தப் பழைய காகிதங்களை எடுத்துப் படித்தால், ஒரு ஆட்டம் எப்படிப் பிறந்தது என்பது மட்டுமல்ல. யாருக்கு எத்தனை டாலர் சம்பளம், யார் முன்பணம் கேட்டுக் கெஞ்சினான், யார் ரெயில் சத்தம் போதவில்லை என்று சண்டை போட்டான் என்பதெல்லாம் தெரியும். நாவல் எழுதுகிறவனுக்கு இவை பொக்கிஷம். அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வயிறு எரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1970-களில் இந்தச் சேகரத்தில் கை வைத்துவிட்டார்கள். 1987-ல் கணக்கெடுத்தபோது எத்தனையோ அயிட்டங்கள் இல்லை. வாசிக்கிற மேஜையில் உட்கார்ந்து, வாங்கின புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது எத்தனை சுலபம் என்பது, நம் ஊர் வாசகசாலையில் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தைத் தேடி ஏமாந்த எவருக்கும் தெரியும். 2009-ல் ஹாரி ரைட்டுக்கு எழுதப்பட்ட பழைய கடிதங்கள் ஓர் ஏலத்துக்கு வந்தன. எப்.பி.ஐ. விசாரணையில் இறங்கிற்று, கடிதங்கள் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டன. பொருள் காணாமற்போன காலத்துக்கும் விலை போட்டு வெளியே வந்த காலத்துக்கும் நடுவே ஒரு தலைமுறை!

இந்த இடத்தில் நான் விசாரிக்க விரும்புகிற ஆசாமி ஒருவர் உண்டு. அவர் திருடனல்ல. நல்ல மனிதர். வீட்டில் கண்ணாடி அலமாரி வைத்திருப்பார். விருந்தினர் வந்தால் காப்பி கொடுத்து, 'இது 1870-ம் வருஷத்துக் கடிதம்' என்று விரல் நுனியால் தொட்டுக் காட்டுவார். வாங்கும்போது விலை கேட்டார், கையெழுத்து அசல்தானா என்று நிபுணரிடம் கேட்டார், வரி உண்டா என்று கேட்டார். இன்னாருக்கு எழுதிய கடிதங்களெல்லாம் ஒரு பொதுநூலகத்தில் அல்லவா இருக்க வேண்டும், இது எப்படித் தனியாக நடந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விடவில்லை, ஐயா. பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை. இவர் அலமாரியில் இடம் காலியாக இருக்கிறவரை, வாசகசாலை மேஜையில் தாள் உருவுகிற கை ஓயாது. பிளேடு பிடிக்கிறவன் அற்பக் கூலிக்காரன். வேலை கொடுக்கிற முதலாளி இவர். இவரை ரசிகர் என்றும் சேகரிப்பாளர் என்றும் பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவராவது பொருளைப் பொருளாக வைத்திருக்கிறார். என்றைக்காவது ஒரு நாள் மீட்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். யோகி பெர்ரா என்பவர் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியின் பழைய ஆட்டக்காரர். பத்து தடவை உலகத் தொடர் ஜெயித்த கோஷ்டியில் ஆடியவர். வேறெந்த ஆட்டக்காரருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு மோதிரம் கொடுப்பது அங்கே வழக்கம். நியூஜெர்ஸியில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை இருக்கிறது. 2014 அக்டோபரில் அங்கே புகுந்து, உலகத் தொடர் மோதிரங்கள் ஒன்பது, வேறு வெற்றி மோதிரங்கள் ஏழு, சிறந்த ஆட்டக்காரர் என்பதற்கான பலகைகள் இரண்டு, அத்தனையும் கொண்டுபோனார்கள். அப்போது பெர்ரா உயிரோடு இருந்தார். எண்பத்தொன்பது வயது. மறுவருஷம் செப்டம்பரில் இறந்தார்.

2023 ஜூனில்தான் விவரம் வெளியே வந்தது. பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஒன்பது பேர் மேல் குற்றம் சாட்டினார்கள். 1999-லிருந்து, மாகாணம் மாகாணமாகக் காட்சிசாலைகளில் புகுந்திருக்கிறார்கள். குத்துச்சண்டைக்காரர் கார்மன் பஸீலியோவின் பட்டயக் கச்சைகள், ரோஜர் மாரிஸ் வென்ற கச்சை, குதிரைப் பந்தயக் கோப்பைகள் என்று நீளுகிறது ஜாபிதா. எடுத்ததை என்ன செய்தார்கள்? கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் தங்கத்தையும் வெள்ளியையும் உருக்கி, வட்டமும் கட்டியுமாக வார்த்து, வெறும் உலோக விலைக்கு விற்றார்கள். சில நூறு டாலர், சில ஆயிரம் டாலர். பெர்ராவின் மோதிரங்களும் பலகைகளும் மட்டுமே பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

நம் ஊர்ப் பொற்கொல்லர் சொல்லுவார்: உருக்கின பிறகு தாலியும் ஒன்றுதான், ஒட்டியாணமும் ஒன்றுதான். அந்தத் தங்கம் இப்போது நியூயார்க்கில் யாரோ ஒரு பெண் காதில் கம்மலாக ஆடிக்கொண்டிருக்கலாம்; அவளுக்குத் தெரியாது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோதிரம் ஒன்பது, வேறு மோதிரம் ஏழு, பலகை இரண்டு என்று நான் எப்படி எழுதினேன்? அவர்களிடம் கணக்கு இருந்தது. பூட்டு போதவில்லை, கணக்கு இருந்தது. மறுநாள் காலையிலேயே என்ன போயிற்று என்று சொல்ல முடிந்தது. பொருள் திரும்பாவிட்டாலும், வருஷக்கணக்கில் துரத்தி ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற முடிந்தது. டில்லியில் என்ன போயிற்று என்பதை, கொடுத்தவர் வந்து கேட்டபிறகு அல்லவா தெரிந்துகொண்டார்கள்! அதையும் நம்பலாமா கூடாதா என்று அவரையே அல்லவா விழிக்க வைத்தார்கள்! வாழ்க்கையில் ஒரு கோலைக்கூடக் கள்ளமாகப் போடாத மனிதர், தொண்ணூறு வயசை நெருங்கிக்கொண்டு, 'நான் கொடுத்தேன்' என்று நிரூபிக்க வேண்டிய நிலை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகப் படித்தவர், நல்ல உத்தியோகம். "ஒரு பழைய கோட்டுக்கா ஸார் இவ்வளவு கோபம்? பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாட்டிலே கோட்டைப் போய்த் தேடுவதா? அதுதான் போட்டோ இருக்கிறது, சினிமாப் படம் இருக்கிறது" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகிற பணத்தை எடுத்துக் கோட்டைத் தேடு என்று நான் சொல்லவில்லை. ஒரு நோட்டும் பென்ஸிலும் என்ன விலை? கோட்டைக் காப்பாற்றாத கைதான் கூரைக்கு வந்த ஓட்டையும் காப்பாற்றாத கை. இரண்டும் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன, ஒரே ஆளிடம்தான் சாவி. மேலும், போட்டோ இருக்கிறது என்கிறாரே, என் சித்தப்பாவின் கதையை அவருக்குச் சொன்னேன்.

சித்தப்பா படிக்கிற காலத்தில் ஹாக்கி ஆடினவர். ஒலிம்பிக் அல்ல, ஜில்லாவைத் தாண்டவில்லை. கோப்பையை நடுவில் வைத்துப் பதினொரு பேரும் கைகட்டி உட்கார்ந்த ஒரு குரூப் போட்டோ அவருடைய ஹாலில் மாட்டியிருந்தது. அதில் பாதிப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது. அவர் படித்த ஸ்தாபனத்தில் ஏதோ விழா என்று வந்து, கண்காட்சியில் வைக்கக் கேட்டார்கள். பெயர் வேண்டாம், இன்னும் நன்றாகவே நடந்துவருகிறது. சித்தப்பா தாமே ஆணியிலிருந்து கழற்றி, துடைத்து, பழைய வேஷ்டியில் சுற்றிக் கொடுத்தார். விழா முடிந்தது. ஒரு மாதம் கழித்துப் போனார். 'தேடிக்கொண்டிருக்கிறோம் ஸார்' என்றார்கள். அடுத்த வருஷம் போனார். ஆள் மாறியிருந்தார், 'எந்தப் போட்டோ?' என்றார். அதற்கப்புறம் சித்தப்பா போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட இன்று இல்லை. அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒரே இடம் அந்தக் கண்ணாடிச் சட்டம்தான். நண்பர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கோட்டைப் பற்றிப் பேசவில்லை.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்? கமிட்டி போட வேண்டாம். கமிட்டி அறிக்கையையும் 'காணோம்' என்பார்கள். கொடுக்கிறவருக்கு, கொடுத்த அந்த நிமிஷத்திலேயே, பொருளுக்கு ஒரு வரி எழுதி ரசீது கொடுக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு படம் பிடிக்கட்டும். வருஷத்துக்கு ஒரு நாள் எண்ணி, எண்ணிக்கையை வாசற் கதவில் ஒட்டட்டும். ஒன்று குறைந்தால் மறுநாளே ஊருக்குச் சொல்லட்டும். மானம் போகுமே என்று ஒளித்து வைக்கிற ஒவ்வொரு நாளும் பொருள் இன்னொரு கை மாறுகிறது.

படமும் பட்டியலும் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து நம் கோயில் விக்கிரகங்களைப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி அடுக்கி வைத்துக்கொண்டு வந்தது. அப்போது அதைப் பார்த்தவர்கள், வேலையற்ற வேலை என்றுதான் நினைத்திருப்பார்கள். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் களவுபோய், கடல் கடந்து, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோனார். அவர் எந்த ஊர்க்காரர் என்பதற்குச் சாட்சி சொன்னவை அந்தப் படங்கள். 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். மந்திரத்தால் அல்ல, ஒரு போட்டோவால், அதன் பின்னால் எழுதின ஒரு வரியால்.

பல்பீர் சிங்கின் பொருள்களுக்கு அப்படியொரு பட்டியல் இன்றைக்கும் எழுதலாம். வீட்டார் இருக்கிறார்கள், அந்தக் கோட்டோடு அவர் நிற்கிற பழைய படங்கள் எங்கேயாவது கிடைக்கும். எழுதிப் பத்திரிகைகளில் போடட்டும், ஏலக்காரர்களுக்கெல்லாம் அனுப்பட்டும், கண்ணாடி அலமாரிக்காரர் கண்ணிலும் படட்டும். முதல் வரியை நானே எழுதித் தருகிறேன்: கோட்டு ஒன்று. மெல்போர்ன், 1956. கொடுத்தவர் பல்பீர் சிங். கொடுத்த வருஷம் 1985. வாங்கிக்கொண்டவர் பெயர் என்று அடுத்தாற்போல் ஒரு கட்டம் வருகிறது. அதை ஆணையத்தார் நிரப்பட்டும்.